மெக்டில்டின் தோலில் விழுந்த பேரிக்காய்கள்

1687ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் இரண்டாம் செவ்வாயன்று, சோலிங்கன் நகரில், மெக்டில்ட் டோர்ப்பரின் இடது முழங்கையருகே நகத்தளவில் ஒரு பேரிக்காய் முத்திரை பதிந்தது; அவ்வாரம் முடிவதற்குள் மேலும் இரண்டு பதிந்தன. வலி இல்லை. அது அவள் கணவன் வில்லெமின் முத்திரை. ஊரை விட்டு வெளியேறுவதில்லை, தொழிலை அந்நியருக்குக் கற்பிப்பதில்லை என்று சத்தியம் செய்திருந்த அந்த வாள்கொல்லன், முந்தைய இலையுதிர்காலத்தில் இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டான். கொல்லர் சங்கத்தார் அவன் முத்திரையைப் பதிவேட்டிலிருந்து நீக்கினார்கள். நீக்கப்பட்ட முத்திரை அங்கே எஃகில் நிற்க மறுத்து, அவன் அடிக்க அடிக்க இங்கே மனைவியின் தோலில் வந்து பதிந்தது. எனவே அவனுக்குப் பட்டறை கிடைத்ததையும், அடுத்த பிப்ரவரியில் மூன்று வாரம் அவன் சும்மா கிடந்ததையும் கடிதமின்றியே அவள் அறிந்தாள். பிள்ளையில்லாதவள், மறு வசந்தத்தில் துணிமூட்டை கட்டிக்கொண்டு அவனிடம் போகப் புறப்பட்டாள்.

நகர வாயிலில் சங்க எழுத்தர் எவர்ஹார்ட் மறித்தார்.

"இந்தாம்மா, நில்லுங்க. உங்க மேல நம்ம ஊர் முத்திரை இருக்கு."

"அதத்தான் நீங்களே நீக்கிட்டீங்களே ஐயா?"

"ஏட்டுல நீக்கினோம். உங்க கழுத்துல இருக்கே!"

முத்திரை விழுந்த எதுவும் சாணை பிடிக்கப்படாமல் வாயிலைக் கடக்கக் கூடாது என்பது விதி. சங்கம் மூன்று முறை கூடியும் அதில் பெண்களுக்கு விலக்கு எதையும் காணவில்லை. வுப்பர் ஆற்றங்கரைச் சாணைக்காரர்களின் தலைவர் கோபெலிடம் அவளை அனுப்பினார்கள். "இருபது வருசமா நாக்காலயே தெருவைச் சாணை பிடிக்கிற பொம்பளைக்கு என் கல்லு எதுக்கு?" என்றார் அவர். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு, "தோலைக் கல்லுல வெக்க மாட்டேன். வெக்காம சான்றும் தர மாட்டேன்" என்றார். மெக்டில்ட் மூட்டையைப் பிரிக்காமல் கதவோரம் வைத்தாள். ஆண்டுக்கொரு மனுக் கொடுத்தாள். முத்திரைகள் கன்னத்துக்கு ஏறின.

பதினான்காம் ஆண்டின் ஜூனில் அவள் மணிக்கட்டில் ஒரு பேரிக்காய் இரட்டைக் கோட்டுடன் விழுந்தது. அடுத்த வீட்டு கிரெட்டே அதைக் குனிந்து பார்த்தாள்.

"என்னக்கா, மாமாவுக்குக் கை நடுங்குதா?"

"இல்லடி, அவரு ரெண்டாவது அடி அடிச்சதே கிடையாது. இது வேற கை. இப்பத்தான் பழகுது."

உரியவனைத் தவிர, அவன் பெற்ற மகன் மட்டுமே முத்திரை அடிக்கும் அச்சைத் தொடலாம் என்பது கொல்லர் வழக்கம். கிரெட்டேவுக்கும் அது தெரியும்.

அம்மாதமே சங்கம் மெக்டில்டுக்கு விலக்கு அளித்தது. எவர்ஹார்ட் நேரில் கொண்டுவந்த ஆணையை அவள் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, மூட்டையைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கினாள். இரண்டாம் கை ஆண்டுதோறும் திருந்தியது. 1706 ஜனவரியில் முதல் கை நின்றது; அவள் கறுப்பு உடுத்தினாள், பாதிரியார் காரணம் கேட்காமல் மணியடித்தார். மகனுடைய பேரிக்காய்கள் தொடர்ந்து விழுந்தன. தோலில் இடம் தீர்ந்த பின், தகப்பனுடையவற்றின் மேலேயே விழுந்தன.