விழா மலர் திறந்த விதம்

கீழே வருவதில் ஒரு சொல்லாவது பொய்யென்றால், சொல்கிறவனின் மூக்குக்கண்ணாடி மொன்றியல் மாசிக் குளிரில் மூக்கோடு உறைந்து, பங்குனி முடியும்வரை கழலாமல் இருக்கட்டும். அவ்வளவும் சத்தியம்.

மொன்றியலின் அஹுன்ட்சிக் பகுதியில் ஒரு நிலவறை வீட்டில் இருக்கும் உருத்திரமூர்த்தி பதினொரு வருடமாக ஒரு மனிதரை நினைத்துக் கறுவிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் பழைய மாணவர் சங்கத் தலைவர் அருமைராசா. ஒரு கலைவிழாவில் அவர் நன்றியுரை சொன்னபோது மண்டபம் தந்தவர், வடை சுட்டவர்கள், வாசலில் பனி அள்ளியவர் என்று ஒருவரையும் விடவில்லை. ஒன்பது மணி நேரம் ஒலிபெருக்கியோடு மல்லுக்கட்டிய உருத்திரமூர்த்தியை மட்டும் விட்டுவிட்டார். அதுவும் உருத்திரமூர்த்தி பூட்டிக் கொடுத்த மைக்கில் நின்றுகொண்டு.

போன மாசியில் அதே அருமைராசா ஆற்றுக்கு அக்கரையில் உள்ள லவாலில் இருந்து ஒரு யூஎஸ்பியைக் கொண்டுவந்தார்.

"உருத்திரண்ணை, விழா மலர் இதுக்குள்ளை கிடக்கு. திறக்குதில்லை. சனிக்கிழமை வெளியீடு. நீங்கள்தான் பாக்கவேணும்."

உருத்திரமூர்த்தி அதைக் கம்ப்யூட்டரில் குத்திப் பார்த்தார். கோப்பின் படத்து மூலையில் சின்னதாய் வளைந்த ஓர் அம்புக்குறி. சங்கதி விளங்கிவிட்டது. அது மலர் அல்ல. மலர் எங்கே இருக்கிறதென்று காட்டும் வெறும் ஷோட்கட். மலர் லவால் வீட்டுக் கம்ப்யூட்டரில் சுகமாய்க் கிடந்தது. தெருமுனைப் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்தால் வீடு கூடவே வருமா? திரும்பிப் போய் உண்மையான கோப்பைப் பிரதி எடுத்தால் இரண்டு நிமிட வேலை.

உருத்திரமூர்த்தி அதைச் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"குளிர் ஏறிப்போச்சு. பாலத்துக்கு மேலாலையோ கொண்டுவந்தனீர்?"

"ஓமண்ணை, காரிலை."

"பிழை விட்டிட்டீர்."

முதல் நாள் யூஎஸ்பி அரிசி வாளிக்குள் கிடந்தது. அருமைராசா வாளிக்குப் பக்கத்தில் கிடந்தார். இரவு அதை வீட்டுக்குக் கொடுத்துவிட்ட உருத்திரமூர்த்தி, அடுத்த நாள் குளிர் படாமல் கமக்கட்டுக்குள் வைத்து மெட்ரோவில் கொண்டுவரச் சொன்னார். ரயில் இடையில் நாற்பது நிமிடம் நின்றது. அருமைராசா கையை எடுக்கவில்லை. காய்ச்சல் பார்க்கிறார் என்று நினைத்துச் சனம் இருக்கையை விட்டு எழும்பியது.

தேத்தண்ணி கொண்டுவந்த மனைவி கௌரி, பாவம் அந்த மனிதன், சொல்லிவிடுங்கோவன் என்று முணுமுணுத்தார். பேந்து சொல்லுவம் என்றார் உருத்திரமூர்த்தி.

மூன்றாம் நாள் வைத்தியத்தை மாற்றினார்.

"கோப்பிலை ஒரு குறை இருக்கு. ஆருக்கோ நன்றி சொல்லாமல் விட்டிருக்கிறீர். யோசியும்."

அருமைராசா இரண்டு மணி நேரம் யோசித்தார். கதிரை அடுக்கியவர்களின் தகப்பன்மார் பெயர்வரை வந்துவிட்டது. கடைசியில் மூலையில் நின்ற மைக் கம்பியில் கண் பட்டது. முகம் சாம்பலாய்ப் போனது.

"உருத்திரண்ணை, நான் அண்டைக்கு..."

"எனக்குச் சொல்லாதையும். திரையைப் பாத்துச் சொல்லும். நூற்றெட்டுத் தரம்."

இருபதாவது நன்றியில் மேல்வீட்டுப் பிரெஞ்சுக்காரர் பேனாட் தரையில் இடித்தார். நாற்பதில் இறங்கி வந்து கதவைத் தட்டினார். எழுபதில் அருமைராசாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து சொன்னார். தொண்ணூறில் 'உருத்திரமூர்த்தி' என்ற பெயர் சங்கத் தலைவரின் வாயைவிட பேனாட்டின் வாயில் சுத்தமாய் வந்தது.

நூற்றெட்டாவது நன்றியோடு, லவாலில் கிடந்த மலர் ஆற்றைக் கடந்து வந்து தானாகத் திறந்தது. அறுபத்து நான்கு பக்கத்திலும் உருத்திரமூர்த்தியின் பெயர்தான். மரக்கறிக்கடை விளம்பரத்தில் கத்தரிக்காய் இருந்த இடத்தில் அவருடைய படம்.

இப்படியே அச்சுக்குக் கொடுக்கட்டுமா என்று அருமைராசா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

உருத்திரமூர்த்தி பெரிய மனது பண்ணினார். "மற்ற ஆக்களையும் போடும். பாவங்கள்."

மலர் அச்சாகி வந்தது. அதன் நன்றிப் பக்கத்தில் பனி அள்ளியவரின் பெயர் இருக்கிறது. உருத்திரமூர்த்தியின் பெயர் இல்லை.