ஒரே அப்பாவின் பிள்ளைகள்

ஊர்ப் பூட்டையெல்லாம் திறந்த எங்கள் அப்பா, சொந்த வீட்டுக்கு ஒரு பூட்டு வாங்கியதில்லை. திருடன் வீட்டில் எவன் திருட வருவான் என்று சிரிப்பார். ஜெயிலுக்கும் வீட்டுக்குமாக அலைந்தே போய்ச் சேர்ந்தார். அவரிடம் தொழில் கற்ற அண்ணன் அதே வழியில் போனான். அதே தரையில் உட்கார்ந்து அதே அப்பாவிடம் கற்ற அக்கா, கடைத்தெருவில் பூட்டு ரிப்பேர் கடை வைத்தாள். நான் அவளுக்குக் கூடமாட உதவுகிறேன்.

எங்கள் மூவருக்கும் கதவைப் பூட்டும் பழக்கம் மட்டும் வரவே இல்லை. மத்தியானம் சாப்பிடப் போகும்போது அக்கா ஷட்டரை வெறுமனே இறக்கிவிட்டுத்தான் போவாள்.

அன்று சாப்பிட்டுத் திரும்பியவள், மருந்துக்கடைக்காரர் நகல் எடுக்கக் கொடுத்திருந்த வீட்டுச் சாவியைக் கையில் எடுத்ததும் அப்படியே நின்றாள். சாவியின் பற்களுக்கிடையில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தாள்.

"நம்ம வீட்டுக் குளியல் சோப்புடி."

சாவியைச் சோப்பில் அழுத்தி அச்செடுப்பது அப்பாவின் முறை. அண்ணன் வந்து போயிருக்கிறான்.

"கழுவிட்டா யாருக்குக்கா தெரியப்போகுது?" என்றேன். வெளியே தெரிந்தால் எங்களிடம் யார் சாவி கொடுப்பார்கள்? அந்தக் கடைதான் எங்களுக்குச் சோறு.

"அவன் அந்த வீட்டுக்குள்ள போனப்புறம் எதைக் கழுவறது? பையை எடு."

விற்பனைக்கு வைத்திருந்ததிலேயே நல்ல பூட்டாக ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

மருந்துக்கடைக்காரரும் அவர் மனைவி டீச்சரும் வீட்டில்தான் இருந்தார்கள். அக்கா வாசலில் நின்றே சொன்னாள். "உங்க சாவியை அச்செடுத்திருக்காங்க சார். கடையைப் பூட்டாமப் போனது என் தப்பு. பூட்டை இப்பவே மாத்தித் தரேன், செலவு என்னோடது."

"எடுத்தது உங்க அண்ணன்தானே?"

"அப்படித்தான் சார் தோணுது."

"எனக்கு அப்பவே தெரியும். இதெல்லாம் ரத்தத்துலயே வர்றது."

"சும்மா இருங்க," என்றார் டீச்சர். "ரத்தம் என்ன பண்ணும், எல்லாம் வளர்ப்பு. எத்தனை பிள்ளைங்களைப் பார்த்திருக்கேன்."

"அதே வீட்டுல வளர்ந்தவதானே இவளும்?"

"அப்போ இவ உடம்புல ஓடறது என்ன, தண்ணியா?"

அக்கா அதற்குள் திருப்புளியும் கையுமாகக் கதவருகே உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டுல எதுவா இருந்தாலும் எங்க அப்பாதாங்க சார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கதவு கால்ல இடிச்சிடும்."

டீச்சர் சிரித்துவிட்டார். மருந்துக்கடைக்காரர் சிரிக்கவில்லை.

வேலை முடிந்ததும் அக்கா ஒவ்வொரு சாவியாகப் போட்டுத் திறந்து காட்டினாள். டீச்சர் அதில் ஒன்றை அவளிடமே நீட்டினார். "நான் மறதிக்காரி. இது உன் கடையில இருக்கட்டும்மா."

"வேண்டாம் டீச்சர். எங்க அண்ணன் வந்து போற இடம் அது."

மருந்துக்கடைக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எங்கேயோ பார்த்தபடி சொன்னார். "நம்ம கடை ஷட்டர் பூட்டும் ரொம்ப இறுகுது. காலையில வந்து பாரு."

"வரேன் சார்."

தெரு முனையில் அண்ணன் நின்றிருந்தான். அக்கா கையில் கழற்றிய பூட்டைக் கண்டதும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"கூடப் பொறந்தவனையே காட்டிக் கொடுத்துட்டியா? ஒரே அப்பாவுக்குப் பொறந்துட்டு நீ மட்டும் ஏண்டி இப்படி இருக்க?"

"அதை நான்தாண்ணே உன்னைக் கேக்கணும்," என்றாள் அக்கா. "சோறு மூடி வச்சிருக்கேன். போய்ச் சாப்பிடு."

நாங்கள் அவனைத் தாண்டி நடந்தோம். ரத்தமா வளர்ப்பா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. வழக்கமாகச் சுவரோரம் ஒட்டிப் போகிற நான், அன்று நடுத்தெருவில் அக்காவின் தோளோடு தோள் உரச நடந்தேன். எதிரில் வந்தவர்கள் எல்லோரும் எங்களைப் பார்க்கட்டும் என்று மெதுவாகவே நடந்தேன்.