எதிர்மனுதாரர் அன்னபுஷ்பம்

வில்சன், வயது இருபத்து மூன்று, சொந்த ஊர் திசையன்விளைக்குப் பக்கம். இப்போது ஒரகடத்தை அடுத்த மாத்தூரில், சொர்ணம்மாள் வீட்டுப் பின்பக்கத்து அறையில் வாசம். கார்க் கதவுக்கு ரப்பர் பட்டை செய்யும் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். அவனோடு லைனில் நிற்பவர்கள் எல்லாம் ஒரே அறையில் பாயோடு பாய் இடிக்கப் படுத்துக் கிடக்க, இவன் மட்டும் தனி அறை எடுத்திருந்தான். கூட இருந்தது அவன் அம்மா அன்னபுஷ்பம்.

அன்னபுஷ்பத்துக்கு மனநோய் வந்து வெகுகாலம் ஆயிற்று. அப்பா உயிரோடு இருந்தவரை அவர் பார்த்துக்கொண்டார். அவர் போனதும், அக்கா ஜெர்சியின் மாமியார் "இதக் கட்டி அழ எங்களால ஏலாது" என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள். தாய்மாமன் சூசைராஜ், "நீதாம்ல ஆம்பளப் புள்ள" என்று இருவரையும் பஸ் ஏற்றிவிட்டார்.

அவளுக்கு இருந்தது ஒரே பயம்தான். தன்மேல் எங்கோ ஒரு கேஸ் நடக்கிறது. என்ன கேஸ், போட்டது யார் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், தன்னிடம் மட்டும் மறைக்கிறார்கள். தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் போய்விடுவாள். எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட மாட்டாள். போட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமாம். அவள் நம்பியது வில்சனை மட்டும்தான். அவன் கையால் கொடுத்தால்தான் மாத்திரையும் உள்ளே போகும்.

"ஏல, கேசு என்னாச்சு?"

"உம்மேல யாரும் கேசு போடலம்மா."

"சத்தியமா?"

"மாதா மேல சத்தியமா."

"அப்பம் குடு" என்று வாயைத் திறப்பாள். விழுங்கியதும் முகம் தெளிந்து, கிண்டல்கூட வரும். "இந்த ஊருத் தண்ணியில சோறு வெந்தாலும் வெறச்சிக்கிட்டு நிக்குதுல, போலீஸ்காரன் மாதிரி."

அப்படித் தெளிந்திருந்த ஒரு நாளில்தான் குளித்துவிட்டு வந்து சொன்னாள். "வில்சா, மாருக்குள்ள புளியங்கொட்ட கணக்கா என்னமோ உருளுது."

பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதித்த டாக்டரம்மா, கட்டியை உடனே எடுத்தாக வேண்டும் என்றார். சம்மதப் படிவத்தைப் பார்த்ததும் அன்னபுஷ்பம் எழுந்துவிட்டாள். நீட்டிய பேனாவை வாங்கி மூடி போட்டு டாக்டரம்மாவின் மேஜையிலேயே பத்திரமாக வைத்து, "நீங்களும் அவிய ஆளுதானா?" என்று கேட்டாள்.

"அவங்க சம்மதமில்லாம நாங்க கத்தி வைக்க முடியாதுப்பா" என்றார் டாக்டரம்மா, வில்சனைத் தனியே அழைத்து. "நீதான் கார்டியன்னு கோர்ட்ல ஆர்டர் வாங்கிட்டு வா. ஆறப் போடாத. இது பொறுத்துப் போற கட்டி இல்ல."

வக்கீல் உமாதேவி மனு எழுதித் தரச் சம்மதித்தார்.

"பெத்த புள்ள நான், எனக்கு எதுக்கு மேடம் ஆர்டர்?"

"எல்லாரும் இதைத்தான் கேக்குறீங்க. பதினெட்டு தாண்டிட்டா யாருக்கும் யாரும் தானா கார்டியன் ஆயிட முடியாது. நீ மனுதாரர். உங்க அம்மா எதிர்மனுதாரர்."

"எதிர்னா?"

"எதிர்தான். அவங்களுக்கும் நோட்டீஸ் போகும்."

"அவங்களுக்குச் சொல்லாம முடிக்க முடியாதா?"

"நாளைக்கு ஒருத்தன் சொத்துக்கு ஆசப்பட்டு, எங்கம்மா பைத்தியம்னு ரகசியமா எழுதி வாங்கிட்டான்னா? அதுக்காகத்தாம்பா சொல்லிட்டு செய்யச் சொல்றாங்க. நீ முன்னாடியே பக்குவமா எடுத்துச் சொல்லி வை."

அதில் தப்பென்று சொல்ல அவனுக்கு ஒன்றும் இல்லை. பக்குவமாகச் சொல்லத்தான் அவனும் நினைத்தான். ஆனால் அவன் வாயைத் திறக்கும் முன்பே "கேசு என்னாச்சு?" என்று அவள் முந்திக்கொள்வாள். அவனும் பழைய பதிலையே சொல்லிச் சத்தியம் செய்வான். சொன்னால் மாத்திரை உள்ளே போகும், சொல்லாவிட்டால் போகாது. அன்றன்றைக்கு மாத்திரை போனால் போதும் என்று நாள் ஓடியது.

ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போடச் சொந்தக்காரர்கள் யாரும் தயங்கவில்லை. சூசைராஜ் மாமா போனிலேயே சிரித்தார். "ஒண்ணென்ன மருமவனே, பத்து போட்டுத் தாரேன். ஆர்டர் வந்த பொறவு அவ சங்கதிக்கு என்னையக் கூப்பிடப்புடாது, அம்புட்டுத்தான்."

நோட்டீஸ் கொண்டுவரும் கோர்ட் அமீனா வியாழக்கிழமை காலையில் வருவதாகப் போனில் சொன்னார். வில்சன் கெஞ்சிக் கூத்தாடி அன்றைக்கு மதிய ஷிப்ட் மாற்றி வைத்திருந்தான். பக்கத்தில் நின்று, ரேஷன் கார்டு சமாச்சாரம் என்று சொல்லி எப்படியாவது வாங்க வைத்துவிடலாம் என்பது கணக்கு. புதன்கிழமை சாயங்காலம் சூப்பர்வைசர் ஜெகதீஷ் வந்து நின்றார். "லைன்ல ஆள் இல்ல. நாளைக்குக் காலைல வந்துடு. இல்லன்னா அப்புறம் வராத." அமீனாவுக்குப் போன் அடித்தான், எடுக்கவில்லை. காலையில் அம்மாவுக்கு மாத்திரையைக் கொடுத்து, வழக்கமான சத்தியத்தையும் செய்துவிட்டு பஸ் ஏறினான். போனைக் கம்பெனி வாசலில் லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

ஷிப்ட் முடிந்து வந்தபோது அறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கதவில் பசை தடவி ஒட்டிய ஒரு காகிதம். சொர்ணம்மாள் படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உனுக்கு எத்தினி போனுப்பா போட்டேன்! கோர்ட்டு ஆளு வந்தாரு. கைநாட்டு வையின்னதும் உங்கம்மா உள்ள ஓடிப்போச்சு. அப்பாலிக்கா ஜன்னலாண்ட வந்து, இன்னா எழுதிகீதுன்னு படிச்சிக் காட்டச் சொல்லி அழுவுது. படிச்சா பயம் தெளியும்னு நானும் சத்தமா படிச்சேன்பா. மனுதாரர் வில்சன். எதிர்மனுதாரர் அன்னபுஷ்பம். அதுக்கு மேல அது என்னைப் படிக்கவே வுடல."

"ஒட்டினது?"

"அவருதான், சாட்சிக்கு ஆளக் கூட்டி ஒட்டிட்டுப் போனாரு. அந்தாள இன்னா சொல்றது? தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு, பெரியம்மாவப் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டுதான் போனாரு."

வில்சன் கதவில் நெற்றியை வைத்தான். "எம்மா. நாந்தாம்மா."

உள்ளிருந்து அவள் கேட்டாள்.

"போட்டது நீதானால?"

"கட்டிய எடுக்கணும்லாம்மா. அதுக்குத்தான் கோர்ட்டுல..."

"இத்தன வருசமா யாரு யாருன்னு தேடுனேன்." குரலில் அழுகை இல்லை, பயமும் இல்லை. தொலைத்ததைக் கண்டெடுத்தவள் குரல்போல நிதானமாக வந்தது. "உங்கப்பாவச் சந்தேகப்பட்டேன். சூசையச் சந்தேகப்பட்டேன். ஜெர்சி மாமியாளச் சந்தேகப்பட்டேன். உன்னைய மட்டும் நெனக்கவே இல்லியேல."

அவன் என்னென்னவோ சொன்னான். சொல்லச் சொல்ல அவள் "ஆமா, ஆமா" என்று கேட்டுக்கொண்டாள். அவளுக்கு இனி எதற்கும் சத்தியம் தேவைப்படவில்லை.

கதவை அவள் திறந்தது சொர்ணம்மாளுக்குத்தான். அவள் கொடுத்த கஞ்சியைக் குடித்தாள். மாத்திரையைப் பார்த்ததும் பல்லைக் கடித்துக்கொண்டாள். வில்சன் உள்ளே நுழைந்தால் உடனே எழுந்து, சேலையைச் சரிசெய்து, சுவரோடு ஒட்டி நின்று கும்பிட்டாள். "ஐயா, நான் ஒரு தப்பும் செய்யலய்யா."

அவன் உமாதேவியிடம் ஓடினான். "மனுவ வாபஸ் வாங்கிடுங்க மேடம்."

"வாங்கலாம். வாங்கிட்டா ஆபரேஷனுக்கு யாருப்பா கையெழுத்துப் போடுவா?"

"அப்ப நடத்தினா?"

அவர் கேஸ் கட்டைப் புரட்டிப் பார்த்தார். "அவங்கள ஜட்ஜ் நேர்ல பாத்துப் பேசணும். நீ கூட்டிட்டு வரணும்."

கோர்ட்டு வாசலுக்கு அம்மாவை எப்படிக் கூட்டிப்போவது? குற்றவாளியாகத்தான் இழுத்துப்போக வேண்டும். போகாவிட்டால் கட்டி வளரும். மாத்திரை இல்லாமல் ஒவ்வொரு நாளும் அவள் இன்னும் தூரம் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் அடைத்த சந்தில் மாட்டிக்கொண்டவன்போல வில்சன் நின்றான்.

அவனைக் கண்டாலே அவள் கும்பிடுவதைப் பார்க்கச் சகிக்காமல் லைன் ஆட்களின் அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டான். அரிசியும் காய்கறியும் வாங்கிச் சொர்ணம்மாளிடம் கொடுத்துவிட்டு, அம்மாவின் குரல் கேட்கிறதா என்று தெருவிலேயே கொஞ்சம் நிற்பான்.

"என்னால சோறுதாம்பா போட முடியும்" என்றாள் சொர்ணம்மாள். "மாத்திரைக்கு உங்க ஜனத்துல யார்னா வரணும். உங்க பேச்சு பேசற ஆளு சொன்னா கேக்கும். நான் சொன்னா, நீ வெச்ச ஆளுன்னு நெனைக்குது."

ஜெர்சிக்குப் போன் செய்தான். "ஜெபம் பண்ணுதேன் தம்பி" என்றாள். பின்னால் மாமியார் குரல் கேட்டதும் வைத்துவிட்டாள். மாமா எடுக்கவே இல்லை.

மறுநாள் மத்தியானம் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது குடும்பக் குரூப்பைத் திறந்தான். எழுத வரவில்லை. மைக்கை அழுத்திப் பேசினான். பின்னால் லாரிகள் இரைந்தன. போன் அவன் சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டது.

"மாமா, அக்கா, சித்தி, இதப் படிக்கிறது யாரா இருந்தாலும் சரி. துட்டு கேக்கல. அம்மாவ உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகவும் சொல்லல. அம்மா என் கையால எதுவும் வாங்க மாட்டேங்குறா. மாத்திர நின்னு போச்சு. மார்ல கட்டி இருக்கு, டாக்டர் சீக்கிரம்னு சொல்லிட்டாவ. அம்மாவுக்குத் தெரிஞ்ச முகமா யாராவது ஒருத்தர் வாங்க. கொஞ்ச நாளு பக்கத்துல இருந்து, மாத்திரைய உங்க கையால குடுங்க. ரூம் சாவி சொர்ணக்காட்ட இருக்கு. நான் அங்கன வர மாட்டேன், உங்க கண்ணுலயும் பட மாட்டேன். யாராவது ஒருத்தர் வாங்க."