குவைத் சீட்டு ஒட்டிய பை

கொழும்பில் இறங்கியதும் போன் பண்ணச் சொல்லியிருந்தாள் என் மனைவி மரியபுஷ்பம். திருச்சியிலிருந்து கொழும்புக்கு ஒரு மணி நேரம். அங்கே சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்து, குவைத்துக்கு வேறு விமானம் ஏற வேண்டும். நான் போவது இது இரண்டாவது தடவை. ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவையும் போய், சம்பாவும் பாதி கருகிய வருஷம். நடவும் இல்லை, அறுப்பும் இல்லை. கூலிக்காரன் வேறு எங்கே போவான்?

செல்போன் எங்கள் பக்கம் வந்திராத காலம். மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊரில் ஹபீப் முகம்மது கடையில் மட்டும்தான் போன். நான் கூப்பிட்டபோது எடுத்தது கடைக்காரர் இல்லை. மரியபுஷ்பத்தின் அண்ணன், என் மச்சான் இருதயசாமி.

"மாப்ள, எங்க இருக்கீங்க?"

"கொழும்புல. புஷ்பத்தக் கொஞ்சம் கூப்புடுங்க மச்சான்."

அவர் மூச்சு வாங்குவது கேட்டது.

"புஷ்பம் இல்ல மாப்ள. போயிட்டா. உங்களப் புடிக்க வழி தெரியாம காலையிலேர்ந்து இந்த போன்கிட்டயே உக்காந்துருக்கேன்."

விடியற்காலை பஸ்ஸுக்கு என்னோடு வந்து நின்றபோதே அவளுக்கு ஊற்றாக வேர்த்தது. என்னடி இப்படி வேர்க்குது என்று கேட்டேன். "சித்திரை மாசத்துல பனியா கொட்டும்? ஏறுங்க, சீட்டு போயிரும்" என்று சிரித்தாள். நானும் ஏறிவிட்டேன். வீட்டுக்குப் போனவள் அடுப்பு முன்னால் அப்படியே சாய்ந்திருக்கிறாள்.

"நாளைக்குக் காலைல எட்டு மணிக்குப் பூசை. ஐஸ் பார் வாங்கி வச்சுருக்கோம். இந்த வெயிலுக்கு அதுக்கு மேல தாங்காது. வந்துருவீங்களா மாப்ள?"

"வந்துர்றேன்."

"இன்னொண்ணு. அவ மந்திரக்கோடி எங்க இருக்கு? உங்க மக ஃபிளோரா டிரங்குப் பெட்டியையே கவுத்துப் பாத்துட்டா. காணும்."

கல்யாணத்தன்று மாதா கோயிலில் சாமியார் மந்திரித்துக் கொடுக்கிற சேலை அது. ஒரு நாள் கட்டி, மடித்து வைத்துவிடுவார்கள். பிறகு கல்லறைக்குப் போகிற அன்றைக்கு அதைத்தான் உடுத்தி அனுப்புவது. வருஷத்துக்கு ஒரு தடவை அதை வெயிலில் காட்டும்போது மரியபுஷ்பம் சொல்லுவாள்: "இத மறந்துட்டு வேற எதையாச்சும் சுத்தி அனுப்புனீங்க, பாதி வழியில எந்திருச்சு வந்துருவேன்."

அந்தச் சேலை என் பையில் இருந்தது.

போன தடவை இரண்டு வருஷம், எட்டுப் பேர் படுக்கிற அறையில், சுவரைப் பார்த்துத் தூக்கமில்லாமல் கிடந்தேன். அதனால் இந்தத் தடவை அவளுக்குத் தெரியாமல் அதை எடுத்து லுங்கிகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன். தலைக்குக் கீழே வைத்துக்கொள்ளலாம் என்று. அவளைவிட ஒன்பது வயது மூத்தவன் நான். அவள் அதைக் கட்டுகிற நாளைப் பார்க்க நான் இருக்கமாட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

"தெரியலையே மச்சான்" என்று சொல்லிவிட்டேன்.

கவுண்டரில் இருந்த பெண் தமிழ்க்காரி. விஷயத்தைக் கேட்டதும் குவைத் டிக்கெட்டை வாங்கி வைத்துக்கொண்டு, நாலு மணிக்குத் திருச்சி போகிற விமானத்தில் எனக்கு ஓர் இடம் பிடித்துக் கொடுத்தாள்.

"என் பையும் வேணும்மா" என்றேன்.

"உங்கட பைக்குக் குவைத் எண்டுதானே சீட்டு ஒட்டியிருக்கு ஐயா. உள்ளுக்கு மற்றப் பைகளோட கிடக்கும். நீங்க ஏறாட்டி அதை இறக்கத்தான் வேணும். ஆனா குவைத் விமானம் புறப்படேக்கதான் தேடி எடுப்பினம். ஆறு மணியாகிடும்."

"அப்புறம்?"

"நாளைக்கு அனுப்பி வைப்பம். பத்தரைக்குத் திருச்சி வந்திடும்."

எட்டு மணிக்குப் பூசை.

அவள் ஒரு படிவத்தை எடுத்தாள். "பைக்குள்ள என்னென்ன கிடக்கு?"

"லுங்கி. நாரத்தங்கா ஊறுகா. கருவாடு."

"வேற?"

மச்சானிடம் வராத சொல் அவளிடம் வந்தது. சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"கூறைச் சீலையோ?"

வேறு ஒன்றும் கேட்காமல் எழுந்து உள்ளே போனாள். அரை மணி நேரம் கழித்து வந்தபோது கையெல்லாம் தூசி.

"எட்டாத இடத்தில கிடக்கு ஐயா. ஏலாது எண்டு சொல்லிப்போட்டினம். நீங்க வேணுமெண்டா இருந்து நாளைக்குப் பையோட போகலாம். எது எண்டு நீங்கதான் சொல்லோணும்."

சேலைக்காகக் காத்திருந்தால், அதை உடுத்த அவள் மண்ணுக்கு மேலே இருக்கமாட்டாள். நாலு மணிக்கே போகிறேன் என்றேன்.

அதுவரைக்கும் போன் கூண்டுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். கையில் காசு இருந்தது. கூப்பிடவில்லை.

காலையில் மரியபுஷ்பத்துக்கு மன்னார்குடியில் வாங்கிவந்த புதுச் சேலையைக் கட்டியிருந்தார்கள். கஞ்சி மொடமொடப்போடு, அவள் உடம்புக்குப் பொருந்தாமல் விறைத்து நின்றது. ஓரத்தில் கடைக்காரன் ஒட்டிய காகிதம் அப்படியே இருந்தது. ஃபிளோரா அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். வரவில்லை. உள்ளே மடித்துச் செருகினாள்.

மச்சான் சம்சாரம் செபத்தியம்மாள் ஊர் கேட்கப் பேசினாள்.

"பெட்டியில இருந்த மந்திரக்கோடிக்குக் காலா மொளச்சுச்சு? பள்ளிக்கூடத்து நாடகத்துல கட்ட எவளுக்காச்சும் குடுத்துருப்பா. இப்ப பாரு, ஒண்ணும் தெரியாதவ மாதிரி முழிக்கிறத. பெத்தவளக் கடச்சேலையச் சுத்தி அனுப்புறாளே!"

"நான் எடுக்கல அத்தை. மாதா மேல சத்தியமா எடுக்கல."

"மாதாவ ஏன்டி இழுக்குற?"

மகள் என்னைப் பார்த்தாள். 'நான் எடுக்கலன்னு நீங்களாவது சொல்லுங்கப்பா' என்கிற பார்வை. பதினாறு வயசு. நான் சவப்பெட்டியின் தலைமாட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். மூடும்போது நான்தான் மூடினேன். கல்லறைத் தோட்டத்தில் முதல் பிடி மண்ணும் நான்தான் போட்டேன்.

மறுநாள் திருச்சி போய்ப் பையை வாங்கிவந்தேன். குவைத் சீட்டுக்கு மேலேயே இன்னொரு சீட்டு ஒட்டியிருந்தார்கள். வீட்டில் ஃபிளோரா மட்டும் இருந்தாள். போன தடவை நான் ஊருக்கு வந்தபோது பையைப் பிரித்ததும் அவள்தான். அதே பழக்கத்தில் ஜிப்பை இழுத்து, லுங்கிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள்.

அரக்குப் பட்டு வெளியே வந்தது. பாச்சை உருண்டை வாசனை வீடெல்லாம் வந்தது.

மடியில் வைத்துக்கொண்டாள். அழவில்லை.

"அத்தை பேசுனப்போ நீங்க பக்கத்துலதானப்பா நின்னீங்க?"

"ஆமா."

சேலையை மடிப்புக் கலையாமல் திரும்பவும் பையிலேயே வைத்தாள். டிரங்குப் பெட்டி பக்கத்தில்தான் திறந்து கிடந்தது. அதில் வைக்கவில்லை. ஜிப்பை மூடி, பையை என் காலடிக்குத் தள்ளினாள்.

"நீங்களே வச்சுக்குங்க."