கடைசித் துடைப்பு

பிப்ரவரி ஒன்பதாம் தேதி, அரசு மருத்துவமனையின் நெஞ்சுநோய்ப் பிரிவில், கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் ஐம்பத்து நான்கு வயதுக்காரர் ஒருவரிடம், இனி பெயிண்டைக் கரைக்கும் தின்னரின் வாசனை படும் இடத்திலேயே நிற்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னார்.

பட்டறையில் அவருக்குக் கண்ணாடி என்று பெயர். அவர் அடித்து முடித்த கதவில் முகம் பார்த்துத் தலை சீவலாம் என்பார்கள். அந்தப் பெயர் வீடு வரைக்கும் வந்து, மனைவியின் தம்பிகூட அவர் இல்லாத நேரத்தில் "கண்ணாடி மாமா" என்றுதான் சொல்வான்.

மருத்துவர் சொன்ன மறுநாளிலிருந்து கண்ணாடி வீட்டில் உட்கார்ந்தார். மனைவி துணிகளைத் திருத்தித் தைக்கும் கடையில் வேலை பார்த்தாள். அவள் காலையில் போகும்போது எந்த நாற்காலியில் இருந்தாரோ, மாலையில் திரும்பும்போதும் அதே நாற்காலியில் இருந்தார். பேச்சு குறைந்தது. ஒருநாள் அவள் வந்து பார்த்தபோது, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இருந்த சின்னக் கீறலை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். அன்றைக்கே தம்பிக்குப் போன் செய்தாள்.

தம்பி ரிமோட் கார் விற்கும் கடை வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய ஆட்களே கூடிப் பந்தயம் விடுகிற கார்கள் அவை. மேலே மாட்டும் கூடு பாலிகார்பனேட் என்ற மெல்லிய பிளாஸ்டிக். கண்ணாடிபோல ஒளி ஊடுருவும். வாங்கியவர்கள்தான் நிறம் அடித்துக்கொள்ள வேண்டும். தம்பி ஒரு கூட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

"மாமா, இதுக்கு உள்பக்கமாத்தான் அடிக்கணும். வெளியே அடிச்சா முதல் உருட்டுலயே சுரண்டிக்கிட்டுப் போயிடும்."

"சட்டையை உள்ளாடை மாதிரி போடச் சொல்றே."

"அப்படித்தான். முதல்ல கோடு, எழுத்து. அப்புறம்தான் மொத்த நிறம். உங்க வேலையைத் தலைகீழா நடத்தணும்."

"தலைகீழா நிக்கச் சொன்னாலும் நிப்பேன், மச்சான். நீ பெயிண்டைக் காட்டு."

தம்பி இரண்டு வகை கொண்டுவந்திருந்தான். ஒன்று ஸ்ப்ரே டப்பா. பிளாஸ்டிக்கைக் கடித்துப் பிடிக்கும், வாசனை ஆளைத் தூக்கும். மற்றது தண்ணீரில் கரையும் பெயிண்ட். பேனா அளவே இருக்கும் ஸ்ப்ரே கன்னால், ஈரம் தெரியாமல் மெல்ல மெல்லப் படியவைக்க வேண்டும். கண்ணாடியின் கை தானாகவே டப்பாவின் பக்கம் போனது.

"அது இந்த வீட்டுக்குள்ள வராது," என்றாள் மனைவி. "வந்தா நான் வெளியே போயிடுவேன்."

"அக்கா சொன்னா சொன்னதுதான்," என்று தம்பி டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

தண்ணீர்ப் பெயிண்ட் முதலில் மானத்தை வாங்கியது. கண்ணாடி அடித்த சிவப்பு, கூட்டைக் கொஞ்சம் வளைத்ததும் ஏடு ஏடாகக் கிளம்பியது. தம்பி ஒரு முனையைப் பிடித்து முழுசாக உரித்துக் காட்டினான்.

"பாம்பு சட்டை உரிக்குது மாமா. பட்டறை ஆளுங்ககிட்ட காட்டட்டுமா?"

"காட்டுடா. அப்படியே என்னைப் புதைக்கிற இடத்தையும் காட்டிட்டு வா."

அச்சிலிருந்து கூடு எடுக்கும்போது பூசுகிற எண்ணெய் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும், அதைப் பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும் என்று தம்பி சொன்னான். கழுவுவது அவள் வேலையானது. பிறகு பெயிண்ட் ஒட்டி நின்றது. தலைமுடி உலர்த்தும் கருவியால் ஒவ்வொரு படலத்தையும் காய வைத்து, டேப் ஒட்டி இழுத்துப் பார்த்தார்; ஒரு பொட்டுகூட வரவில்லை. பெயிண்ட் அடிக்க வசதியாக நாற்காலி சமையலறை ஜன்னலோரம் நகர்ந்தது. அவர் மறுபடி அவளை வம்புக்கு இழுக்க ஆரம்பித்தார். அவள் கழுவும் பாத்திரங்களைவிடக் கூடுகள் சுத்தமாக இருக்கின்றன என்று அவர் சொன்னபோது, அவள் கரண்டியைத் தூக்கிக் காட்டினாள், மனதுக்குள் குளிர்ந்துபோயிருந்தாள்.

ஆனால் சோப்பை அவர் நம்பவில்லை. பட்டறையில் கன்னைக் கையில் எடுப்பதற்கு முன்னால் தின்னர் நனைத்த துணியால் ஒரு தடவை துடைப்பார்கள். அதற்குக் கடைசித் துடைப்பு என்று பெயர். அதைச் செய்யாமல் அடித்தது பெயிண்டே அல்ல, முகப்பவுடர் என்பது அவர் கட்சி.

பந்தயங்களின் இறுதிச் சுற்றுக்குத் தம்பியின் காருக்கே கூடு அடிக்கும் வேலை வந்தது. சனிக்கிழமை மாலை அவள் கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறியது பட்டறைத் தின்னர் வாசனை. குளியலறை சாத்தியிருந்தது. தட்டினாள்.

"என்னங்க, உள்ள என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. ஒரே ஒரு துடைப்பு."

"கதவைச் சாத்திக்கிட்டா?"

"திறந்து வெச்சா ஜன்னல் துணியில வாசம் நிக்கும். நீ சாமியாடுவே."

வெளியே வந்தபோது அவர் உதடு வெளுத்திருந்தது. நெஞ்சுக்குள் யாரோ கதவை இழுத்து இழுத்துச் சாத்துவதுபோல் சத்தம் கேட்டது. மூச்சில் இழுக்கும் மருந்தைக் கொடுத்து உட்காரவைத்தாள். ஆஸ்பத்திரி என்றாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "நாளைக்கு ஒருநாள். இது பிடிச்சிருச்சுன்னு என் கண்ணால பார்க்கணும்." அவர் கும்பிட்டு அவள் பார்த்ததில்லை. விட்டுவிட்டாள்.

ஞாயிறன்று, மூடிக் கிடந்த கிடங்கு ஒன்றின் சிமெண்டுத் தரையில் பழைய டயர்களை அடுக்கித் தடம் போட்டிருந்தார்கள். தம்பியின் கார் கருநீலத்தில் பளபளத்தது. கூட்டத்தில் யாரோ, "இது யார் கை?" என்று கேட்டார்கள். கண்ணாடி ஒரு அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்து, பேச மூச்சில்லாமல், தன் மார்பைத் தொட்டுக் காட்டினார்.

முதல் வளைவில் இன்னொரு கார் உரசியது. சாதாரணமாக அப்படி ஒரு இடிக்குக் கூடு மடங்கி நிமிரும். இது தேநீர்க் கோப்பைபோல் நொறுங்கியது. துண்டுகள் டயர்கள்வரை சிதறின. தம்பி பொறுக்கிக்கொண்டு வந்து, ஒன்றை முகர்ந்து பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது.

"மாமா, தின்னர் போட்டீங்களா?"

அவர் தலையாட்டினார்.

"பாலிகார்பனேட்டைத் தின்னர் தொட்டா அது வறண்டு விறைச்சுப் போயிடும் மாமா. நான்தான் சொல்லித் தொலைக்காம விட்டேன். சோப்போட நிறுத்தியிருந்தா..." அதற்குமேல் சொல்லாமல் அக்காவைப் பார்த்தான்.

கண்ணாடி கையை நீட்டித் துண்டை வாங்கினார். உள்பக்கத்தை நகத்தால் சுரண்டினார். மறுபடி அழுத்திச் சுரண்டினார். உடைந்த ஓரத்தில்கூட நீலம் பெயரவில்லை. அவளிடம் அதைத் தூக்கிக் காட்டினார்.

"பாரு... பிடிச்சிருக்கு."

பிப்ரவரிக்குப் பிறகு அவர் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை அவள் பார்த்திருக்கவில்லை. அந்த முகத்தை ஓங்கி அறைய வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. "பிடிச்சிருக்குங்க," என்றாள். அடுத்த மூச்சை இழுக்க அவர் தோளை உயர்த்தினார். அது உள்ளே போகவில்லை. தம்பி கார்ச்சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான்.

ஐந்து நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பியபோது ஆக்ஸிஜன் இயந்திரம் ஒன்றையும் கூட அனுப்பினார்கள். மூக்கிலிருந்த குழாய் படுக்கையிலிருந்து கழிவறைவரை எட்டியது. சமையலறை ஜன்னலோர நாற்காலிக்கு எட்டவில்லை.