எட்டாவது விதி: பனிக்கட்டியில் கயாக்கைக் கட்டாதீர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. கயாக் படகுகளை வைக்கும் கொட்டகைக் கதவில் ஒட்ட வேண்டிய ஒரு தாளாகப் பிறந்தது.

எங்கள் ஊர்க் கயாக் மன்றத்தின் தலைவர் ஊசக்காக், திங்கட்கிழமை காலையில் நான் வேலை செய்யும் மீன் ஆலைக்கே தேடிவந்து என் முன்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். "கதவுல ஏழு விதி எழுதி ஒட்டியிருக்கே இல்ல? எட்டாவதா ஒண்ணு சேர்த்து புதுசா எழுதிக் குடு. என்ன எழுதணும்னு நான் சொல்லணுமா?" என்றார். அவர் சிரிக்கவில்லை. பின்னால் ஹாலிபட் மீனை வெட்டிக்கொண்டிருந்தவர்கள்தான் சிரித்தார்கள்.

அந்த ஏழும் நான் எழுதியவை. கயாக்கைத் தரையில் போடாதே, இழுக்காதே. தலைக்கு மேல் உயரமாகப் பரணில் வை, நாய்க்கு எட்டக் கூடாது. கவிழ்த்து வை. கடல்நாய்த் தோல் போர்த்தியதென்றால் வெயில் படாமல் பார்த்துக்கொள், குளிர்ச்சியான இடத்தில் வை. காற்றுக்கு முதுகு காட்டி வை. இறுக்கிக் கட்டு... பதினோரு வருஷமாக இந்த ஊரின் கயாக்குகளைப் பத்திரமாக வைக்கும் பொறுப்பு என்னுடையது. பனிக்கட்டி மிதக்கும் இந்த டிஸ்கோ வளைகுடாவில் என் முடிச்சு அவிழ்ந்தது என்று ஒருவர் சொல்லட்டும் பார்ப்போம்.

எட்டாவது விதி ஒரே வரி. எழுதிப் பார்த்தேன். படிக்கிற எவரும் "இதைப் போய் ஒரு மனுஷன் செய்வானா?" என்றுதான் கேட்பார்கள். ஆகவே அடியில் ஒரு விளக்கம் போட்டேன். விளக்கத்துக்கு ஒரு விளக்கம் தேவைப்பட்டது. தாள் தீர்ந்து நோட்டுப்புத்தகத்துக்கு வந்துவிட்டேன்.

இன்னொரு காரணமும் உண்டு. என் மனைவி பிபாலுக் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. வருகிற சனிக்கிழமைக் கப்பலில் ஆசியாட் என்ற ஊரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறாள். போவதற்குத்தான் சீட்டு எடுத்திருக்கிறாள், திரும்புவதற்கு எடுக்கவில்லை. பேசமாட்டாளே தவிர, எழுத்து என்று எது கண்ணில் பட்டாலும் படிக்காமல் விடமாட்டாள், ரொட்டி உறையின் பின்பக்கம் உட்பட. அதனால் இந்த நோட்டைச் சமையலறை மேசையில் திறந்தே வைத்துவிட்டுப் போகப்போகிறேன்.

தொடக்கம் ஒன்று: "கடல் அமைதியாக இருந்தது." [அடித்துவிட்டேன். கதைகளில்தான் அது அமைதியாக இருக்கும்.]

தொடக்கம் இரண்டு: "தவறு செய்வது மனித" [பாதியிலேயே எனக்குத் தூக்கம் வந்துவிட்டது.]

தொடக்கம் மூன்று: "பிபாலுக், நான் அன்றைக்கு" [இதற்கு மேல் கை ஓடவில்லை.]

'நான்' என்று எழுதினால்தான் கை நிற்கிறது என்று தெரிந்தது. சரி, இவனை வேறொருவனாக்கிவிடுவோம். காலேராக் என்று பெயர் வைப்போம்.

2

காலேராக்குக்கு நாற்பத்தெட்டு வயது. அகன்ற தோள், நிதானமான ஆள், ஊரில் நல்ல பெயர். வார்த்தை கொடுத்தால் காப்பாற்றுகிறவன்.

[புதன்கிழமை காலை. மேலே உள்ள பத்தியின் ஓரத்தில் பென்சிலால் இது எழுதப்பட்டிருந்தது: "காலேராக்காம். அகன்ற தோளாம். அகலமா இருக்கறது வயிறு. உன் பேரை மாத்திக்கிட்டே, என் பேரை மட்டும் ஏன் அப்படியே விட்டே?"]

வாசகரே, படித்துவிட்டாள். காபியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நான்கு வாக்கியத்தையும் ஆலைக்கு நேரமாகும்வரை படித்துக்கொண்டே இருந்தேன். பெயர் விஷயத்துக்குப் பதில்: வேறு பெயர் ஏழெட்டு வைத்துப் பார்த்தேன். எந்தப் பெயரும் அவள்மேல் நிற்கவில்லை.

வயிற்றைத் திருத்திக்கொள்கிறேன். காலேராக்குக்கு வயிறும் உண்டு.

3

போன சனிக்கிழமை. மாலியாராக் வீட்டில் அறுபதாம் பிறந்தநாள் காபி விருந்து. ஊரே போய்வந்துகொண்டிருந்தது. காலையில் துடுப்புப் போட்டுவிட்டுக் கருமணல் கரையில் இறங்கிய பிபாலுக், கேக் செய்ய உதவ வேண்டும் என்று ஓடினாள். ஓடுகிற ஓட்டத்தில் கயாக்கைக் காலேராக்கிடம் ஒப்படைத்தாள்.

"கொண்டுபோய்ப் பரண்ல வெச்சுட்டு வா. பத்திரம்."

இரண்டு குளிர்காலம் எடுத்துக்கொண்டு அவளே கட்டிய கயாக் அது. மரச்சட்டம் செதுக்கியது அவள், தோல் தைத்தது அவள், கட்டும் தோல்கயிற்றை முறுக்கியதும் அவள்தான். அடுத்த மாதம் போட்டிக்குப் போக வேண்டியது.

பரண் கரையின் அந்தக் கோடியில் இருந்தது. எதிர்க்காற்றில் நீளமான கயாக்கைத் தனியாகத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் போனால் எங்காவது முனை இடிக்கும். கூடப் பிடிக்க ஆளில்லை. எல்லோரும் காபிக்குப் போயிருந்தார்கள். கீழே வைத்துவிட்டு ஆள் கூப்பிடப் போகலாமென்றால், பக்கத்து வீட்டு நாய்க்குட்டிகள் நான்கு வந்து நின்றன. இங்கே குட்டிகளைச் சங்கிலியில் போடுவதில்லை. கொழுப்புத் தடவிய தோலை ஒன்று நக்கவே ஆரம்பித்துவிட்டது.

காலேராக் சுற்றிலும் பார்த்தான். மூன்று நாளாகத் தரைதட்டி நிற்கும் ஒரு பனிக்கட்டி, கொட்டகையளவு பெரிது. அதில் தலையுயரத்தில் ஒரு திட்டு. நாய்க்கு எட்டாது. வடக்குப் பக்கம், வெயில் இல்லை. குளிர்ச்சிக்குக் கேட்கவே வேண்டாம். காற்றுக்கு முதுகு. கட்டுவதற்குக் கொம்பு கொம்பாக நான்கைந்து முனைகள். ஏழு விதிக்கும் பொருந்திய இடத்தை அவன் பதினோரு வருஷத்தில் கண்டதில்லை.

(இங்கே அவனைக் கொஞ்சம் அறிவாளியாகக் காட்டுகிறேன் என்று தோன்றலாம். இல்லை. அன்று அவனுக்கு அப்படித்தான் தோன்றியது. பெருமையாக வேறு இருந்தது.)

பரிசுப் பொட்டலத்தோடு அந்த வழியே போன யூவாக்கா நின்றான். கூட வேலை செய்கிறவன், வாய்த்துடுக்கு.

"என்னய்யா, ஐஸ்பெட்டியில வைக்கிறியா?"

"கெட்டுப்போகாம இருக்கும்ல?"

"கடல் ஏறுமே."

"ஏறட்டும். மூணு நாளா ஏறி இறங்குது, இது அசையல."

"நேத்துப் பௌர்ணமியாச்சே, இன்னிக்கு இன்னும் மேல ஏறுமே..."

"கேக் தீர்ந்துடும், நீ போ. ஆள் கூட்டிட்டு வந்து இறக்கிக்கிறேன்."

ஐந்து இடத்தில் கட்டினான். ஒவ்வொரு கட்டையும் இழுத்துப் பார்த்தான். பிறகு காபி குடிக்கப் போனான்.

ஆள் கூட்டி வரவில்லை. இறால் வைத்த ரொட்டி நன்றாக இருந்தது.

[பென்சிலில்: "நாலு துண்டு தின்னே."]

4

எங்கள் ஊரில் எல்லா ஜன்னலிலும் ஒரு தொலைநோக்கி இருக்கும். மாலியாராக் வீட்டில் அன்று அதை வைத்திருந்தது யூவாக்கா.

"அங்க போற பனிக்கட்டி மேல என்னமோ கிடக்கு."

"கடல்நாயா இருக்கும்," என்றாள் மாலியாராக், காபி ஊற்றியபடியே.

"கடல்நாய் தன்னைத் தானே அஞ்சு இடத்துல கட்டிக்குமா அக்கா?"

காலேராக்கின் வாயில் ரொட்டி நின்றது. ஜன்னலுக்கு வந்தான். பௌர்ணமிக் கடல் பனிக்கட்டியை மெல்லத் தூக்கி, மணலிலிருந்து எடுத்து, வெளியே கொண்டுபோய்க்கொண்டிருந்தது. கயாக் அதன்மேல் நேராக, அசையாமல், அழகாகப் போனது. அவ்வளவு நன்றாகக் கட்டப்பட்ட கயாக்கை அந்த வளைகுடா பார்த்திருக்காது.

"இவன் கட்டினா சும்மாவா," என்றார் ஊசக்காக். "எங்க போனாலும் பத்திரமா போகும்."

அறை முழுக்கச் சிரிப்பு. பிபாலுக் மட்டும் சிரிக்கவில்லை. தொலைநோக்கியை யூவாக்கா கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். காலேராக் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தைரியமில்லை.

5

பிறகு அவன் ஊசக்காக்கின் இயந்திரப் படகில் போய்க் கயாக்கைக் கொண்டுவந்துவிட்டான். ஒரு கீறல் இல்லை. இருந்தும் பிபாலுக் அந்த நிமிஷத்திலிருந்து பேசுவதில்லை. இரண்டு குளிர்கால உழைப்பை நாலு துண்டு ரொட்டிக்காக விட்டுவிட்டு வந்தவனோடு யார்தான் பேசுவார்கள்? கதையின் நீதி இதுதான்: கயாக்கை

[வியாழக்கிழமை. பென்சில் தாளைக் கிழித்திருந்தது, அவ்வளவு அழுத்தம். "நீதியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். கட்டினதுக்கு ஒரு பக்கம் எழுதினே, ரொட்டிக்குக்கூட ஒரு வரி எழுதினே. போய்க் கொண்டுவந்துட்டானாம். எப்படிக் கொண்டுவந்தான்? எழுது."]

6

எழுதுகிறேன். இதை எழுதப் பிடிக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஊசக்காக் படகைப் பனிக்கட்டிக்குச் சற்றுத் தள்ளியே நிறுத்தினார்.

"மிதக்கிற பனிக்கட்டி பக்கத்துல போகாதேன்னு பிள்ளைங்களுக்குச் சொல்றோம். நாம போறோம்."

"ரெண்டே நிமிஷம்."

"அது புரள்றதுக்கு ரெண்டு நிமிஷம் வேண்டாம்டா. அதுவே தலைகீழாகட்டும், கயாக் மிதந்து வந்தா எடுத்துக்கலாம்."

"புரண்டா நொறுங்கிடும்."

படகு ஒரு கணம் பனிக்கட்டியை ஒட்டியதும் காலேராக் தாவி ஏறினான். உள்ளே எங்கோ சடசடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. தோல்கயிறு நனைந்து ஊறி, முடிச்சுகள் கல்லாக இறுகியிருந்தன. கையுறையைக் கழற்றிவிட்டு நகத்தால் முதல் முடிச்சை அவிழ்த்தான். இரண்டாவது.

"கத்தி இடுப்புலதானே இருக்கு? அறுத்துத் தள்ளு!"

"அவ முறுக்கின கயிறு."

ஊசக்காக் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. மூன்றாவது முடிச்சில் விரல் மரத்துப்போய், பல்லால் கடித்து இழுத்தான். நான்காவதில் பனிக்கட்டி தலையாட்டியது. காலடித் திட்டு சாய்ந்து, தண்ணீர் கணுக்கால்வரை ஏறி, நின்று, மெல்ல இறங்கியது. காலேராக் கயாக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

நான் உட்கார்ந்துவிட்டேன். காலேராக் எவனும் இல்லை, நான்தான். பயந்தேன். அப்படிப் பயந்ததேயில்லை. இறங்கிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் ஐந்தாவது முடிச்சு இருந்தது. அதையும் அவிழ்த்தேன். கயாக்கைத் தண்ணீரில் நழுவவிட்டு, படகுக்குள் குதித்தேன். கரைக்கு வந்து கயாக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பாரு, ஒரு கீறல் இல்ல!" என்று கரைக்கு இறங்கி வந்திருந்த உன்னைப் பார்த்துச் சிரித்தேன். அப்போது பின்னால் சத்தம் கேட்டது. திரும்பினால், பனிக்கட்டியின் அடிப்பக்கம் மேலே வந்து நீலமாக மிதந்துகொண்டிருந்தது.

7

வெள்ளிக்கிழமை, ஆலையிலிருந்து வந்ததும் பார்த்தேன். இந்த முறை ஓரத்தில் இல்லை. எனக்கென்று ஒதுக்கியிருந்த பக்கத்தில், நடுவில்:

["முடிச்சு ஒவ்வொண்ணையும் ஜன்னல்ல நின்னு எண்ணிட்டிருந்தேன். மூணாவதுல காபியை எங்க வெச்சேன்னு தெரியல. நாலாவதுல தொலைநோக்கியைக் கீழ வெச்சுட்டேன், பாக்க முடியல. அப்புறம் நீ வந்து கீறல் இல்லைன்னு சிரிச்சே. அங்கதான்யா எனக்குப் பேச்சு நின்னுபோச்சு. கயாக்குக்காகன்னு இன்னிவரைக்கும் நெனச்சுட்டிருக்கியே. அது என் இடுப்பையும் கையையும் அளந்து கட்டினது. போனா போகுது, அளவு எங்கிட்ட இருக்கு, இன்னொண்ணு கட்டிக்குவேன். உன்னை எந்த அளவை வெச்சு நான் திரும்பக் கட்டறது?"]

வாசகரே, இதற்குப் பிறகு கதையை எப்படி முடிப்பது? மூன்று முடிவு வைத்திருந்தேன்.

முடிவு ஒன்று: நாளை கப்பல் போகிறது, அவளோடு. [வேண்டாம்.]

முடிவு இரண்டு: அவள் போகவில்லை. [எழுத ஆசைதான். ஆனால் என் கதைக்காகக் கப்பல் சீட்டை அவள் ஏன் விட வேண்டும்?]

முடிவு மூன்று: இருவரும் சேர்ந்து போகிறார்கள். [அவள் அக்காவுக்கு என்னைக் கண்டால் ஆகாது. இந்தக் கதையைக் கேட்டபின் இன்னும் ஆகாது.]

8

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. அவள்தான். கோட்டைக் கழற்றி மாட்டினாள். வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறாள். நான் திரும்பவில்லை. எழுத எழுத, என் தோளுக்கு மேலாகப் படித்துக்கொண்டே வருகிறாள். மூச்சு காதில் படுகிறது. இந்த வார்த்தையைப் படிக்கிறாள். இதையும்.

மன்னித்துவிடு பிபாலுக். கயாக்குக்காக இல்லை.

போகவில்லை, இன்னும் நிற்கிறாள். நான் எழுதுகிறவரை படிப்பாள், படிக்கிறவரை நிற்பாள், அவள் சுபாவம் எனக்குத் தெரியும். நிறுத்தினால் திரும்ப வேண்டும். திரும்பினால் அவள் முகத்தில் முடிவு இருக்கும். அன்று ஜன்னலில் பார்க்காமல் விட்ட முகம். அதனால் முடிவு எழுதப்போவதில்லை. நோட்டில் இதுதான் கடைசிப் பக்கம், இன்னும் இரண்டு வரிக்குத்தான் இடமிருக்கிறது. உங்கள் பக்கத்தில் வெறும் தாள் ஏதாவது கிடந்தால், எதுவானாலும் பரவாயில்லை, கொஞ்சம் சீக்கிரம் இப்படிக் கொடுங்கள்