மூன்றாவது டிராயர்

என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும். ஆஸ்பத்திரிகளில் மருந்து அலமாரி பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். டிராயர்கள் எல்லாம் ஒரே அளவு. எதை வேண்டுமானாலும் எங்கேயும் செருகலாம். எதில் என்ன இருக்கிறது என்று சொல்லும் சீட்டு டிராயரில் இருக்காது, அலமாரிச் சட்டத்தில் ஒட்டியிருக்கும்.

அன்று தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்றாவது டிராயர் சிக்கிக்கொண்டது. சாமானோடு உருவி நான்காவது இடத்தில் செருகினேன், நான்காவதை மூன்றாவதில். இரண்டும் வழுக்கிக்கொண்டு ஓடின. ‘ஆகா, என்ன கைராசி!’ என்று என்னை நானே மெச்சிக்கொண்டு கிளம்பினேன். சீட்டு நினைப்பே வரவில்லை.

அந்தப் பிரிவில் என் தங்கை நர்ஸ். அலமாரியை அடுக்கிவிட்டு அவள் வீட்டுக்குப் போன பிறகுதான் நான் அங்கே போயிருந்தேன். மறுநாள் ஒரு பெரியவருக்கு மூச்சு நின்றபோது, ‘சுவாசக் குழாய்’ என்ற சீட்டைப் பார்த்து மூன்றாவதை இழுத்திருக்கிறாள். உள்ளே கட்டுத்துணி. குழாயைத் தேடி எடுப்பதற்குள் பெரியவர் சாவைத் தொட்டுவிட்டுத் திரும்பினார். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அவளை அனுப்பிவிட்டார்கள்.

“நான்தாண்ணா மாத்தி அடுக்கியிருக்கேன். கண்ணு அவிஞ்சா போச்சு எனக்கு?” என்று வீட்டில் தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்குச் சீட்டு நினைப்பு வந்தது. அந்த நொடியே சொல்லியிருக்க வேண்டும். வேலை போய்விடுமே என்ற பயம் வாயை அடைத்தது.

“விடும்மா, பாத்துக்கலாம்” என்றேன். பாவி!

மூன்று நாள் அவள் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. நான் இரண்டையும் செய்தேன். நான்காம் நாள் விசாரணைக்கு அவளைக் கூப்பிடும் முன், தலைமை நர்ஸின் அறைக்குள் நுழைந்தேன்.

“மேடம், டிராயரை மாத்திச் செருகினது நான்தாங்க. அவ மேல ஒரு தப்பும் இல்ல.”

ஏற இறங்கப் பார்த்தவர், “எழுதிக் குடுங்க” என்றார். எழுதிக் கொடுத்தேன். வேலை போனால் போகட்டும்.

வராந்தாவில் தங்கை காத்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள், ஓங்கி ஓர் அறை விடுவாள் என்று எதிர்பார்த்தேன். விட்டிருக்கலாம்.

“நேத்து அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனேன்ல” என்றாள். “அவர் சம்சாரம்கிட்ட கால்ல விழாத குறையா கெஞ்சினேன். ‘உங்க புருஷனைக் கொல்லப் பாத்தவ நான்தாம்மா, மன்னிச்சிடுங்க’ன்னு.”

என் கையிலிருந்த வண்டிச் சாவியைப் பார்த்தாள்.

“என்னை வண்டியில கூட்டிட்டுப் போனதே நீதானேண்ணா?”